எபிசோட் 37: ஆடியோ ஃபைலை கன்வெர்ட் பண்ணும்போது எது தொலைந்து போகுது?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முழுசா மாத்தலை.)

இன்னைக்கு எபிசோட் நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தினது. அது ஒரு தப்புன்னே பத்து வருஷம் எனக்குத் தெரியாது. போன மாசம்தான் தெரிஞ்சது.

2011இல் எங்க சித்தப்பா ஒரு கீபேட் போன் வெச்சிருந்தார். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எங்க ஆச்சி பழைய கதை சொல்லிட்டு இருந்தாங்க. சித்தப்பா அவங்களுக்குத் தெரியாம ரெக்கார்ட் பட்டனை அழுத்திட்டார். மொத்தம் 11 நிமிஷம். நடுவுல கோழி கத்தும், யாரோ சைக்கிள் ஸ்டாண்டு போடுவாங்க. ஆச்சி இப்போ இல்லை. அவங்க குரல்னு எங்க குடும்பத்துல இருக்கிறது இந்த ஒரே ரெக்கார்டிங்தான்.

ஃபைல் ஏஎம்ஆர் ஃபார்மேட்டில் இருந்தது. சைஸ் ஏறக்குறைய 1 எம்பி. 2015இல், நான் இன்ஜினியரிங் முதல் வருஷம், அதை லேப்டாப்புக்குக் கொண்டு வந்தேன். பிளே ஆகலை. உடனே ஒரு ஆன்லைன் கன்வெர்ட்டரில் போட்டு எம்பி3 ஆக்கினேன். குவாலிட்டி எதுன்னு கேட்டது. ஆச்சி குரலாச்சே, இருக்கிறதிலேயே பெரிய நம்பரைத் தட்டினேன்: 320 கேபிபிஎஸ். 26 எம்பி வந்தது. அப்போ அத்தை, சித்தி எல்லார்கிட்டயும் 2ஜி நெட்தான், அனுப்ப முடியலை. அதனால அந்த எம்பி3ஐயே மறுபடி கன்வெர்ட்டரில் போட்டு 16 கேபிபிஎஸ் ஆக்கினேன். பக்கத்துல 'இரைச்சல் நீக்கு'ன்னு ஒரு டிக் பாக்ஸ் இருந்தது. நல்லதுதானேன்னு அதையும் தட்டிட்டேன். 1.3 எம்பி வந்தது. ஃபேமிலி குரூப்ல போட்டேன், எல்லாரும் அழுதாங்க. அப்புறம் லேப்டாப்பை க்ளீன் பண்ணும்போது மத்த ரெண்டையும் டெலீட் பண்ணிட்டேன். 'அதான் எம்பி3 இருக்கே'ன்னு.

அந்த ரெக்கார்டிங்கில் ஏழாவது நிமிஷத்துல ஆச்சி தன்னோட அம்மா பிறந்த ஊர் பேரைச் சொல்றாங்க. அத்தைக்கு அது கீழப்பாவூர்னு கேக்குது. சித்தப்பா மேலப்பாவூர்ங்கிறார். என் எம்பி3ல முதல் எழுத்தே இல்லை. அடுத்து வர்றது 'ழ'வா 'ல'வான்னும் சொல்ல முடியலை, தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி குழையுது. வருஷக்கணக்கா இந்தச் சண்டை ஓடுது. ரெண்டு பேருமே ஆச்சியைத்தான் குறை சொன்னாங்க, பல்லு இல்லாம பேசினாங்கன்னு. உண்மையில் அந்த எழுத்தைத் தின்னது நான்.

எப்படின்னு பார்ப்போம்.

ஒலி எப்படி நம்பர் ஆகுது

ஒலிங்கிறது காற்றழுத்தம் ஏறி இறங்கறது. மைக் அதை மின்சார அலையா மாத்துது. கம்ப்யூட்டர் அந்த அலையின் உயரத்தை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து எண்ணா எழுதி வெக்குது. இந்த அளவு ஒவ்வொண்ணும் ஒரு சாம்பிள்.

ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரைக்கும் பிடிக்கணும்னா அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல சாம்பிள் எடுக்கணும். மனுஷக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேக்கும். அதனால ஆடியோ சிடியில் நொடிக்கு 44,100 சாம்பிள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் 16 பிட், இடது வலதுன்னு ரெண்டு சேனல். பெருக்கினா நொடிக்கு 14,11,200 பிட், அதாவது 1,411 கேபிபிஎஸ். 5 நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 53 எம்பி.

இந்த எண்களை அப்படியே கொட்டி வெச்சா அதுதான் வாவ் ஃபைல். 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து கொண்டு வந்தது. எதையும் சுருக்காது, அதனால எதுவும் தொலையாது. இடம்தான் நிறைய எடுக்கும்.

மடிச்சு வெக்கிறது, வெட்டிப் போடறது

இடத்தை மிச்சம் பிடிக்க ரெண்டு வழி.

ஒண்ணு, லாஸ்லெஸ். பட்டுப்புடவையை மடிச்சு பீரோவுல வெக்கிற மாதிரி. இடம் கம்மியாகும், பிரிச்சா அதே புடவை, ஒரு நூல் குறையாது. ஃப்ளாக் ஃபார்மேட் இப்படித்தான். வாவை ஃப்ளாக் ஆக்கி, திரும்ப வாவ் ஆக்கினா ஒவ்வொரு சாம்பிளும் அச்சு அசலா அப்படியே வரும். பாட்டா இருந்தா பெரும்பாலும் பாதி சைஸுக்குப் பக்கத்துல வரும். பொதுவா அதுக்கு மேல ரொம்பச் சுருக்க முடியாது.

இன்னொண்ணு, லாஸி. புடவையை வெட்டறது. எம்பி3, ஏஏசி, ஓபஸ், ஏஎம்ஆர் எல்லாம் இந்தப் பக்கம். எதை வெட்டினா உங்களுக்குத் தெரியாதுன்னு கணக்குப் போட்டு வெட்டும். பஸ் ஹாரன் அடிக்கும்போது பக்கத்துல இருக்கிறவர் முணுமுணுக்கிறது கேக்காது இல்லையா? சத்தமான ஒலி, அதே நேரத்துல அதுக்குப் பக்கத்து அதிர்வெண்ணில் வர்ற மெல்லிய ஒலியை மறைச்சிடும். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டா எடுத்துக்கும். ஒரு துண்டுக்கு 1,152 சாம்பிள், சிடி வேகத்துல அது 26 மில்லிசெகண்ட். அந்தத் துண்டை அதிர்வெண் வாரியாப் பிரிச்சு, உங்க காதுக்கு மறைஞ்சு போற இடத்துல எண்களைத் தோராயமா எழுதும். தோராயமா எழுதினா இரைச்சல் வரும். ஆனா அந்த இரைச்சல் சத்தமான ஒலிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3ங்கிறது சிடியோட சைஸில் பதினொண்ணுல ஒரு பங்கு. அதுலயும் பாட்டு கேக்க முடியுதுன்னா அதுக்குக் காரணம் இந்த ஒளிச்சு வெக்கிற வேலைதான்.

இதைச் செஞ்சவங்கள்ல முக்கியமானவர் கார்ல்ஹெய்ன்ஸ் பிராண்டன்பர்க், ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்துல இருந்தவர். அவர் தன் முறையைச் சோதிச்சுப் பார்த்த பாடல்கள்ல ஒண்ணு சூசன் வேகா பாடின 'டாம்ஸ் டைனர்'. வாத்தியமே கிடையாது, ஒரே ஒரு குரல். ஏன் அது? டிரம்ஸ், கிட்டார் எல்லாம் இருந்தா இரைச்சலை அதுக்குப் பின்னாடி ஒளிச்சிடலாம். தனிக்குரலுக்குப் பின்னாடி ஒளிய இடமே இல்லை. தப்பு பண்ணினா உடனே மாட்டிக்கும்.

எங்க ஆச்சி ரெக்கார்டிங்கும் தனிக்குரல்தான்.

320 மோகம்

நம்ம ஊர்ல பாட்டு டவுன்லோட் பண்ணி வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்துல ரெண்டு லிங்க் இருக்கும், 128ன்னு ஒண்ணு, 320ன்னு ஒண்ணு. 320 எடுத்தவன் கெத்து.

கேபிபிஎஸ்ங்கிறது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை ஆயிரம் பிட் செலவு பண்றோம்ங்கிற கணக்கு, அவ்வளவுதான். சிடியிலிருந்து நேரா 320க்குப் போனா நல்லா இருக்கும். 128 எம்பி3ஐ எடுத்து 320 ஆக்கினா? மங்கலான ஜெராக்ஸை வழவழன்னு விலை உயர்ந்த பேப்பர்ல மறுபடி ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. பேப்பர் கனமாகும், எழுத்து தெளிவாகாது. வெட்டிப் போட்டதை எந்த கன்வெர்ட்டரும் திருப்பிக் கொண்டு வராது, ஏன்னா அது ஃபைலுக்குள்ளயே இல்லை.

யூடியூபில் இருந்து '320 எம்பி3' எடுத்துத் தர்றேன்னு சொல்ற தளங்களும் இதே கதைதான். யூடியூப் எம்பி3யே தர்றதில்லை. அங்கே ஒலி வர்றது ஏஏசி இல்லைன்னா ஓபஸ் வடிவத்துல. அந்தத் தளம் ஏற்கெனவே வெட்டினதை இன்னொரு தடவை வெட்டி, பெரிய பையில் போட்டுத் தருது.

உங்ககிட்ட இருக்கிற 320 உண்மையானதான்னு பார்க்க வழி இருக்கு. ஆடாசிட்டியில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் வியூ போடுங்க. கீழே கட்டை ஒலி, மேலே கீச்சு ஒலி. 128இல் எடுத்த எம்பி3ல பொதுவா 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தியால வெட்டின மாதிரி மேலே காலியா இருக்கும். உண்மையான 320ன்னா 20,000 பக்கம் வரை நிறம் போகும். '320'ன்னு பேர் போட்டும் 16,000 பக்கத்திலேயே கோடு நின்னா, அது பெரும்பாலும் வேஷம் கட்டின 128.

பெட்டி வேற, சோறு வேற

அடுத்த குழப்பம், ஃபைல் பெயர் கடைசியில் வர்ற எழுத்து.

டிபன் பாக்ஸ் ஒண்ணு, உள்ளே இருக்கிற சோறு ஒண்ணு. ஒலியைச் சுருக்கற முறைக்குப் பேர் கோடெக், அது சோறு. அதைப் போட்டு வெக்கிற பெட்டிக்குப் பேர் கன்டெய்னர். வாட்ஸப் வாய்ஸ் நோட்டில் சோறு ஓபஸ், பெட்டி ஓக். எம்4ஏங்கிறது பெட்டி. உள்ளே பெரும்பாலும் ஏஏசி இருக்கும், சில சமயம் ஏலாக்ங்கிற லாஸ்லெஸ் கோடெக் இருக்கும். எம்4ஏன்னு பேரைப் பார்த்து மட்டும் குவாலிட்டி சொல்ல முடியாது.

இதனால ரெண்டு விஷயம் புரியும். ஒண்ணு, ஃபைல் பேரை மாத்தினா ஃபார்மேட் மாறாது. சில பிளேயர்ல அது ஓடும், ஏன்னா பிளேயர் பேரை நம்பாம உள்ளே எட்டிப் பார்க்குது. ரெண்டு, பல நேரம் சோத்தைத் திரும்பச் சமைக்க வேண்டியதே இல்லை, பெட்டியை மட்டும் மாத்தினா போதும். ஒரு எம்பி4 வீடியோவிலிருந்து ஆடியோவை மட்டும் எடுக்கணும்னு வெச்சுக்கோங்க. உள்ளே ஏஏசி இருக்கு. அதை எம்பி3 ஆக்கினா மறுபடி ஒரு வெட்டு. அப்படியே எடுத்து எம்4ஏ பெட்டியில் வெச்சா ஒரு பிட்கூட மாறாது, ரெண்டு நொடியில் முடிஞ்சிடும்.

எஃப்எஃப்எம்பெக்னு ஒரு இலவச மென்பொருள், 2000இல் ஃபப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கினது. அதில் கோடெக் கொடுக்கிற இடத்துல 'காப்பி'ன்னு போட்டா இதைத்தான் செய்யும். கமாண்ட் லைன் பழகாதவங்களும் இந்த ஒரு கமாண்டை மட்டும் பழகிக்கலாம்.

போன் குரல்

இப்போ ஆச்சி ஃபைல். ஏஎம்ஆர் பாட்டுக்காகச் செஞ்சதில்லை, செல்போன் பேச்சுக்காகச் செஞ்சது. நொடிக்கு 8,000 சாம்பிள்தான். சுமார் 200இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். அதிகபட்சம் 12.2 கேபிபிஎஸ். அலையை அப்படியே எழுதாது. தொண்டை அதிருது, வாய் ஒரு குழாய் மாதிரி அதுக்கு வடிவம் கொடுக்குதுன்னு மனுஷக் குரலுக்கு ஒரு மாதிரி வெச்சிருக்கு. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அந்தத் தொண்டைக்கும் வாய்க்கும் என்ன அளவுன்னு குறிச்சு வெக்கும். அதனாலதான் அவ்வளவு சின்ன ஃபைலில் பேச்சு புரியுது. இதே காரணத்தால பழைய போன்ல காலர் ட்யூன் பாட்டு கேட்டா தகரத்துல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருந்தது. வயலினுக்குத் தொண்டை கிடையாதே.

அதாவது ஆச்சி குரல் ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருந்தது. அதுல நான் என்ன பண்ணினேன்?

முதல் கன்வெர்ஷன், ஏஎம்ஆர் டு 320 எம்பி3. காதுக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனா 1 எம்பி விஷயத்துக்கு 26 எம்பி பை. லாபம் பூஜ்ஜியம்.

ரெண்டாவது, 16 கேபிபிஎஸ். இங்கேதான் அடி. முதல் கோடெக் விட்டுட்டுப் போன இரைச்சல் இருக்கு பாருங்க, அடுத்த கோடெக்குக்கு அது இரைச்சல்னு தெரியாது. அதையும் ஆச்சி குரல்னு நினைச்சு, கையில் இருக்கிற கொஞ்சநஞ்ச பிட்டை அதுக்கும் செலவு பண்ணும். அப்புறம் தன் பங்குக்குப் புது இரைச்சலைச் சேர்க்கும். ஒவ்வொரு கோடெக்குக்கும் துண்டு போடற அளவு வேற, எதை வெட்டலாம்ங்கிற கணக்கு வேற. ஒருத்தர் விட்டு வெச்சதை அடுத்தவர் வெட்டுவார். பேச்சுக்குன்னே செஞ்ச ஏஎம்ஆர் 12.2இல் காப்பாத்தின குரலை, பாட்டுக்காகச் செஞ்ச எம்பி3 16இல் காப்பாத்த முடியலை. சிரிப்பு என்னன்னா, கடைசியில் வந்த ஃபைல் 1.3 எம்பி, ஒரிஜினல் 1 எம்பி. சின்னதாக்கறேன்னு கிளம்பி, பெருசாவும் ஆக்கி மோசமாவும் ஆக்கியிருக்கேன்.

மூணாவது, அந்த டிக் பாக்ஸ். இரைச்சல் நீக்கற சாதாரண முறைகள்ல ஒண்ணு, சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இருந்தா கதவை மூடிடும். பேச்சு தொடங்கினதும் கதவைத் திறக்கும், ஆனா திறக்க ஒரு நொடிப்பொழுது ஆகும். ஆச்சி ஒரு நிமிஷம் யோசிச்சு, நிறுத்தி, அப்புறம்தான் அந்த ஊர் பேரை மெதுவாச் சொல்றாங்க. கதவு திறக்கறதுக்குள்ள முதல் எழுத்து வெளியே நின்னு போச்சு.

கன்வெர்ட் பண்ணியே ஆகணும்னா

கன்வெர்ட் பண்றது தப்பில்லை. இந்த ஷோவே கன்வெர்ட் ஆகித்தான் உங்க காதுக்கு வருது. நாங்க வாவில் ரெக்கார்ட் பண்றோம், வாவிலேயே எடிட் பண்றோம், எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா ஒரே ஒரு தடவை எம்பி3 ஆக்கறோம். நாளைக்கு ஒரு தும்மலை வெட்டணும்னா எம்பி3ஐத் தொட மாட்டோம், வாவுக்குத்தான் திரும்பப் போவோம். மொத்த விதியும் இதுதான்: வெட்டு கடைசியில், ஒரு தடவை, ஒரிஜினலில் இருந்து.

நடைமுறைக்கு:

1. ஒரிஜினலை அழிக்காதீங்க. அது ஏஎம்ஆரா இருந்தாலும், பிளே ஆகாட்டியும். இடப் பிரச்சினைன்னா கன்வெர்ட் பண்ணினதை அழிங்க, அதை எப்போ வேணா திரும்பச் செஞ்சுக்கலாம்.

2. எடிட் பண்ணணும்னா வாவ் அல்லது ஃப்ளாக் ஆக்கிக்கோங்க. குவாலிட்டி கூடாது, ஆனா அடுத்தடுத்த சேவ்ல குறையவும் செய்யாது.

3. அனுப்பறதுக்குப் பேச்சுன்னா ஓபஸ் நல்ல தேர்வு, 2012இல் வந்தது, குறைஞ்ச பிட்ரேட்டில் எம்பி3ஐவிட ரொம்பத் தெளிவா இருக்கும். எல்லா கார் ஸ்டீரியோவிலும் ஓடணும்னா எம்பி3தான். தனிக்குரலுக்கு மோனோ போதும். அதே பிட்ரேட்டை ரெண்டு சேனலுக்குப் பங்கு போட வேண்டாம்.

4. ஒரிஜினலையே அனுப்பணும்னா வாட்ஸப்பில் டாக்குமென்ட்டா அனுப்புங்க. ஃபைல் அப்படியே போகும்.

5. முடிஞ்சவரை உங்க கம்ப்யூட்டரிலேயே கன்வெர்ட் பண்ணுங்க. விஎல்சி, ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக் மூணும் இலவசம். ஆன்லைன் கன்வெர்ட்டர்னா உங்க வீட்டுக் குரலை முகம் தெரியாத ஒருத்தர் சர்வருக்கு அனுப்பறீங்கன்னு அர்த்தம். ஆபீஸ் மீட்டிங் ரெக்கார்டிங்னா யோசிச்சே பாருங்க.

6. கன்வெர்ட் பண்ணின புது ஃபைலுக்கு இன்னைக்குத் தேதி விழும். ரெக்கார்ட் பண்ணின தேதி, யார் பேசறாங்க, எந்த ஊர், எல்லாத்தையும் ஃபைல் பேரிலேயே எழுதி வைங்க. இருபது வருஷம் கழிச்சு 'ரெக்கார்டிங் 004'ன்னா யாருக்கும் தெரியாது.

மறுபடி ஆச்சி

போன மாசம் சித்தப்பா வீடு மாறினார். பரண்ல இருந்த அட்டைப்பெட்டியில் அந்த கீபேட் போன் கிடைச்சது. பேட்டரி உப்பிப் போயிருந்தது. போனை ஆன் பண்ணலை, மெமரி கார்டை மட்டும் எடுத்து ரீடரில் போட்டேன். 2011ஆம் வருஷத் தேதியோட, 1 எம்பி, ஏஎம்ஆர், அப்படியே இருந்தது. முதல் வேலையா மூணு இடத்துல காப்பி எடுத்தேன். அப்புறம் ஒரு ஃப்ளாக் செஞ்சு ஹெட்போன்ல போட்டேன்.

கோழி கத்தறது திரும்ப வந்திருந்தது. என் எம்பி3ல ஆச்சி பேசாத இடமெல்லாம் வெறும் அமைதி, அதுல அந்தக் கோழியையும் சைக்கிளையும் பாதி தொடைச்சிருந்தேன். இதுல திண்ணை இருந்தது. ஏழாவது நிமிஷத்துல ஆச்சி நிறுத்தறாங்க, ஒரு மூச்சு விடறாங்க, அந்த மூச்சை நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை. அப்புறம் தெளிவாச் சொல்றாங்க: மேலப்பாவூர்.

சித்தப்பா, "நான் அப்பமே சொன்னேம்லா?"ன்னார். அத்தை இன்னும் ஒத்துக்கலை. "ஏல, அந்தப் போன் சொல்றத நம்புவியா, நான் சொல்றத நம்புவியா?"ன்னு கேக்கறாங்க. அதுக்கு எந்த கோடெக்லயும் பதில் இல்லை.

எனக்கு அதிர்ஷ்டம், கார்டு பிழைச்சிருந்தது. மெமரி கார்டு சாஸ்வதம் இல்லை. அதனால இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை தர்றேன். வீட்ல டிராயர்ல கிடக்கிற பழைய போனைத் தேடுங்க, கார்டை எடுங்க, உள்ளே இருக்கிற ஃபைலை எந்த ஃபார்மேட்ல இருக்கோ அந்த ஃபார்மேட்லயே காப்பி பண்ணுங்க. கன்வெர்ஷன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும், ஒரிஜினலை டெலீட் பண்ணிடாதீங்க.